தாய்க்கு ஒரு கட்டில்

குறைமாதத்தில் பிள்ளை பெற்று, அதை ஐ.சி.யூ.வில் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் வருகிறவர் போகிறவர் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கவலைப்படாதம்மா. நீ கவலைப்பட்டா பால் வத்திடும்." 1993-இல் என்னிடம் சொன்னார்கள். முப்பது வருஷம் கழித்து, 2023-இல், எங்கள் மாடியில் குடியிருந்த பெண்ணிடம் சொன்னார்கள். நடுவில் எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியைச் சுற்றி என்னென்னவோ வந்துவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா (2014-இல் மூடியும் விட்டார்கள்), 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், அப்புறம் டைம்லர் லாரி, என்ஃபீல்டு புல்லட். ஆஸ்பத்திரிகளிலும் அன்று கண்ணில் காணாத கருவிகள் வந்து, கையளவுக் குழந்தைகளைப் பிழைக்க வைக்கின்றன. அந்த ஒரு பேச்சு மட்டும் மாறவில்லை.

அதில் உண்மை இருக்கிறது. கவலை பாலைத் தடுக்கும். ஆனால் அந்தக் கவலை, அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த சீர்வரிசை இல்லை. நாம் கட்டி வைத்திருக்கிற வார்டும், போட்டு வைத்திருக்கிற பார்வை நேரமும், எழுதி வைத்திருக்கிற லீவு விதியும்தான் அதை உண்டாக்குகின்றன. இதைச் சொல்லத்தான் அந்தப் பிரசவத்தையும் இந்தப் பிரசவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

1993-இல் எங்களுடையது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒன்று மண்ணில் இறங்கி வழிவிட வேண்டும். இரண்டு பக்கமும் நெல்லும் வேர்க்கடலையும்தான். எட்டாம் மாதத் தொடக்கத்தில் ஒரு நடுராத்திரி எனக்குப் பனிக்குடம் உடைந்தது. படப்பையில் பார்த்த டாக்டரம்மா, "இங்க வேணாம், மெட்ராஸ் போயிடுங்க" என்றார். காய்கறி ஏற்றுகிற மெட்டடார் வேனில், சாக்குப் படுதாமேல் படுத்துக்கொண்டு போனேன். விடிவதற்குள் பிறந்துவிட்டாள். 1,600 கிராம். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடிய நர்ஸின் கைக்கு அடியில் ஒரு பாதம் தெரிந்தது. அன்றைக்கு நான் பார்த்தது அவ்வளவுதான்.

பிள்ளை ஒரு மாடி, நான் ஒரு மாடி. சாயங்காலம் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். உள்ளே வரிசையாக இன்குபேட்டர் பெட்டிகள். எது என் பிள்ளை என்று ஒருத்தர் விரல் நீட்டிக் காட்ட வேண்டும். தாயின் கையில் கிருமி இருக்கும், தொட்டால் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அன்றைய எண்ணம். பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் அதுதான் வழக்கம், அந்த ஒரு இடத்தில் மட்டும் நடந்ததல்ல. உள்ளே இருந்தவர்கள் என் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும்.

பாலைப் பீய்ச்சி எவர்சில்வர் டம்ளரில் கொடுக்கச் சொன்னார்கள். எப்படிப் பீய்ச்சுவது என்று சொல்லித்தர ஆள் இல்லை. உட்கார இடமும் இல்லை. குளியலறைக்குப் போகிற நடையில், சுவரில் முதுகைச் சாய்த்து, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, தையல் போட்ட வலியோடு நின்றுகொண்டேதான் பிழிய வேண்டும். டம்ளரின் அடி நனைந்திருக்கும், அவ்வளவுதான் வரும். கதவருகில் அதை வாங்குகிறவர் உள்ளே பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்பார். கெட்ட எண்ணத்தில் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்து அடுத்த வேளை டம்ளரைக் கையில் எடுத்தாலே எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ராத்திரியில் பாலை வாங்க யாரும் இல்லை. மார் கல்லாகக் கட்டி, காய்ச்சல் வந்து, ஈரத்துணியை வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நாளில் மார் தளர்ந்தது. வலி நின்றது என்று நினைத்தேன். பால் நின்றிருந்தது. பவுடர் டப்பா வாங்கி வரச் சொன்னார்கள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களில் ஒருத்தர், "ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம் தங்காது" என்று எனக்குக் கேட்கும்படியே சொன்னார். வயிற்றுக்குள் இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான், ஏழைவிட எட்டு எப்போதும் நல்லது என்று அன்று அங்கே எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. இன்றும் இந்தப் பேச்சு எங்கள் பக்கம் இருக்கிறது.

எங்கள் ஆயா, அப்பாவைப் பெற்றவர், பஸ்ஸும் எலக்ட்ரிக் ரயிலும் மாறி வந்து அந்தக் கண்ணாடி முன்னால் நின்றார். "புள்ள அங்க, தாய் இங்கயா? உன் மாருல போட்டுத் தரச் சொல்லுடி" என்றார். எங்கள் சின்ன அத்தை குறைமாதத்தில் பிறந்தவர். இருட்டறையில் இலவம்பஞ்சு சுற்றி, மார்மேல் சேலைக்குள் கட்டி வைத்து, பீய்ச்சின பாலைப் பாலாடையில் சொட்டுச் சொட்டாக விட்டு ஆயா வளர்த்தார். அத்தை ஐந்து பிள்ளை பெற்று நன்றாக வாழ்ந்தார்.

இதைக் கேட்டதும், பார்த்தாயா அந்தக் காலம் என்று சொல்லத் தோன்றும். நான் சொல்ல மாட்டேன். ஆயா பெற்றது ஒன்பது, தங்கியது ஐந்து. மூச்சுக்குத் திணறிய பிள்ளைக்கு அவரிடம் மருந்து இல்லை, விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு டியூப் இல்லை. 2020 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைக்கு 13 பேர்தான் ஒரு வயதுக்குள் இறக்கிறார்கள் என்று வந்திருக்கிறது. ஆயாவின் காலத்தில் எந்த வீட்டிலும் இதை நம்பியிருக்க மாட்டார்கள். ஆயாவிடம் தாயும் பிள்ளையும் சேர்ந்திருந்தார்கள், கருவி இல்லை. எனக்குக் கருவி கிடைத்தது, பிள்ளை கையில் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்க ஏன் இத்தனை காலம் ஆனது என்பதுதான் என் கேள்வி.

பின்னாளில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் பாரிஸைச் சேர்ந்த பியேர் புதான். 1900-ஆம் ஆண்டு வாக்கிலேயே அவர் தாய்மாரை உள்ளே வரச் சொன்னவர், தாய்ப்பாலை வற்புறுத்தியவர். அவருக்கு அடுத்து வந்தவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டார்கள், தாயை வெளியே விட்டார்கள். அமெரிக்காவில் மார்ட்டின் கூனி என்பவர் கோனி ஐலண்ட் பொழுதுபோக்குப் பூங்காவில், 1903-இலிருந்து 1943 வரை, இன்குபேட்டர் குழந்தைகளைக் காட்சிக்கு வைத்து, டிக்கெட் காசில் அவர்களைக் காப்பாற்றினார். பெற்றோரிடம் காசு வாங்கவில்லை. எத்தனையோ உயிர்கள் அப்படிப் பிழைத்தன. ஆனாலும் வேடிக்கை பார்க்க வந்த அந்நியருக்கும் பெற்றவளுக்கும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் இடம் என்ற பழக்கம் அந்தக் காலத்திலேயே ஊறிவிட்டது.

தாயை மறுபடி உள்ளே அழைத்தவர்கள், வசதி குறைந்த இடங்களில் வேலை பார்த்த டாக்டர்கள். இதை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டிகள் போதாமல், நோய்த்தொற்று தாங்காமல், 1978-இல் எட்கர் ரே என்ற டாக்டர் குழந்தைகளைத் தாயின் மார்மேல் தோலோடு தோலாகக் கட்டிவிட்டார். அடுத்த வருஷம் ஹெக்டர் மார்ட்டினெஸ் கூடச் சேர்ந்தார். கங்காரு தாய் பராமரிப்பு அங்கே பிறந்தது. எஸ்டோனியாவின் தாலினில் நர்ஸ்கள் பற்றாத ஒரு ஆஸ்பத்திரியில் அடிக் லெவின், 1979-இல், இருபத்துநாலு மணி நேரமும் தாய்களையே உள்ளே வைத்துப் பிள்ளைகளைப் பார்க்க வைத்தார். மும்பை சயான் ஆஸ்பத்திரியில் அர்மிடா ஃபெர்னாண்டஸ், தொற்றில் பிள்ளைகள் சாவதைப் பார்த்து, தாய்ப்பாலைக் கையில் எடுத்தார். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989 நவம்பரில் அங்கேதான் தொடங்கியது. என் டம்ளர் நாட்களுக்கு நாலு வருஷம் முந்தி.

இனி அந்தக் கவலைப் பேச்சுக்கு வருகிறேன். 1948-இல் அமெரிக்காவில் மைக்கேல் நியூட்டன், நைல்ஸ் நியூட்டன் என்ற கணவன் மனைவி ஒரு சோதனை செய்தார்கள். நைல்ஸ் அப்போது கைக்குழந்தைக்காரி. பால் கொடுக்கிற நேரத்தில் அவர் காலை ஐஸ் தண்ணீரில் வைத்தார்கள், கால் கட்டைவிரலை வலிக்கும்படி இழுத்தார்கள், சரசரவென்று கணக்குக் கேட்டார்கள். குழந்தைக்குக் கிடைத்த பாலை நிறுத்துப் பார்த்தால் வெகுவாகக் குறைந்திருந்தது. அதே தொல்லைகளோடு ஆக்சிடோசின் ஊசி போட்டார்கள். பால் கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு ஏறியது. அப்படியென்றால் பால் மாருக்குள் இருந்திருக்கிறது, இறங்கவில்லை. வலியும் பதற்றமும் அந்த இறக்கத்தைத்தான் முதலில் அடைக்கின்றன. இறங்காத பால் தேங்கும். தேங்கினால், இனித் தேவையில்லை என்று உடம்பு சுரப்பதையே குறைத்துக்கொள்ளும். நேரே மாரில் குடிக்க முடியாத பிள்ளையின் தாய், ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு வேளையாவது பீய்ச்ச வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். முதல் இரண்டு வாரத்துக்கு அதில் பெரிய பங்கு. அந்த இரண்டு வாரத்தை நான் நடையில் நின்று கழித்தேன்.

1989-இல் இன்னொரு ஆய்வு. பிள்ளையை ஐ.சி.யூ.வில் விட்ட தாய்களில் ஒரு பகுதியினருக்கு, மனத்தைத் தளர்த்தி அமைதிப்படுத்துகிற கேசட் ஒன்றைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார்கள். அவர்கள் பீய்ச்சிய பால், கேசட் இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். ஒரு கேசட்டுக்கே அப்படி. காலை ஐஸ் தண்ணீரில் வைத்திருக்கிற பெண்ணிடம் "கவலைப்படாதே" என்று சொல்வதால் தண்ணீர் சூடாகாது. காலை வெளியே எடுத்துவிட வேண்டும்.

2023-க்கு வருகிறேன். மாடி வீட்டுப் பெண்ணுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். புருஷன் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில். அவள் எலக்ட்ரானிக் பொருள் பூட்டுகிற லைனில், கான்ட்ராக்ட்டில். 31 வாரத்தில் பிரஷர் ஏறி, கால் வீங்கி, கண் மங்கியது. 108 வந்தது. சென்னையில் ஆபரேஷன். ஆண் குழந்தை, 1,380 கிராம். அவள் அம்மா களத்துமேட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து கொஞ்ச நாள்தான் இருக்க முடிந்தது. அப்புறம் நான்தான் கூடப் போனேன்.

முதல் நாள் சாயங்காலமே ஒரு சிஸ்டர் அவள் கட்டிலுக்கு வந்துவிட்டார். கையில் ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்ச். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கட்டைவிரல் மேலே, மற்ற விரல் கீழே, காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்துக்கு வெளியே வைக்கச் சொன்னார். முதலில் நெஞ்சுப் பக்கம் உள்ளே அழுத்தணும், அப்புறம் விரல்களைச் சேர்க்கணும், காம்பை இழுக்கவே கூடாது. "வலிச்சா தப்பாப் பண்றோம்னு அர்த்தம்மா" என்றார். மூன்றாவது நாலாவது அழுத்தலில் காம்பு நுனியில் மஞ்சளாக ஒரு சொட்டு திரண்டது. சீம்பால். அது உருண்டு விழுவதற்குள் சிரிஞ்ச் முனையை வைத்து உறிஞ்சி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் கால் மில்லிக்கும் குறைவாகச் சேர்ந்தது. யாரும் "இவ்ளோதானா" என்று கேட்கவில்லை. "இது போதும்மா, இதான் அவனுக்கு முதல் மருந்து" என்று சொல்லி, பெயரும் நேரமும் எழுதி ஒட்டி உள்ளே கொண்டுபோனார். அதைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுக் குழந்தையின் கன்னத்து உட்புறத்தில் தடவினார்களாம். நான் ஓரமாகப் போய் நின்று அழுதேன். முப்பது வருஷத்துக்கு முன் என் மாரிலும் இந்த மஞ்சள் சொட்டு இருந்திருக்கும்.

குறைமாதக் குழந்தைக்கு இந்தப் பால் எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்று தெரியும். குறைமாதத்தில் பெற்றவளின் பாலில், முதல் வாரங்களில், புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் கூடுதல். பிஞ்சுக் குடல் வெந்து அழுகுகிற ஒரு வியாதி இருக்கிறது. இந்தக் குழந்தைகளை அதிகம் கொல்கிற வியாதிகளில் ஒன்று. பவுடர் பால் குடிக்கிற பிள்ளைகளுக்கு அது வருகிற வாய்ப்பு அதிகம், தாய்ப்பால் அதைக் குறைக்கும். தாயிடம் பால் போதாவிட்டால் வங்கிப் பால் தருகிறார்கள். தானமாக வந்த பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கி, உறைய வைத்துச் சேமிக்கிறார்கள்.

மூச்சு கொஞ்சம் நிலைப்பட்டதும் அவளை உள்ளே கூப்பிட்டு, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, டயப்பரும் குல்லாவும் காலுறையும் மட்டும் போட்ட பிள்ளையை நெஞ்சுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பித் துணியால் கட்டினார்கள். மூக்கில் மூச்சுக்கு உதவுகிற சிபாப் குழாய், வாயில் பால் டியூப், காலில் ஆக்சிஜன் அளக்கிற விளக்கு, எல்லாம் அப்படியே இருக்க. வெளியே வந்தவள் நைட்டி நனைந்திருப்பதைக் காட்டி, "அம்மா, பால் தானா வழியுதும்மா" என்றாள். ஊசியும் வேண்டாம், கேசட்டும் வேண்டாம்.

அதன்பிறகு அவளை டிஸ்சார்ஜ் செய்தார்கள். அங்கேதான் இந்தக் காலத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். ஆபரேஷன் ஆன தாய் தேறிவிட்டாள் என்றால் அவள் கட்டில் அடுத்த பெண்ணுக்கு வேண்டும். பிள்ளைக்கோ இன்னும் பல வாரம் இருக்கிறது. தூரத்து ஊர்க்காரர்கள் சிலர் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள். எங்களைப் பார்த்து, "பக்கத்துலதானே இருக்கீங்க, வந்து வந்து போங்க" என்றார்கள். பச்சை உடம்புக்காரி சேரப்பணஞ்சேரியிலிருந்து தினமும் பஸ் ஏறி, தாம்பரத்தில் ரயில் மாறி, படி ஏறி வந்து போக வேண்டும்.

இப்போது எங்கள் சாலையில் ராத்திரி பகல் கிடையாது. நடுவில் தடுப்பு, மேலே மஞ்சள் விளக்கு, ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பெனி பஸ். விடியற்காலையில் பாதி இருக்கை காலியாகவே தாம்பரம் பக்கம் போகிற பஸ்கள் உண்டு. ஐ.டி. கார்டு மாட்டினவர்களுக்குத்தான் அதில் இடம். லீவில் இருக்கிறவள் வேலைக்குப் போகவில்லை, அதனால் ஏற முடியாது. டவுன் பஸ்ஸுக்கு அவள் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். ராத்திரி பீய்ச்சின பால், எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்து ஐஸ் கட்டி அடைத்த ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் சின்ன புட்டியில் இருக்கும். ஆஸ்பத்திரியில் அவள் ஒரு மணி நேரம் பிள்ளையை வைத்திருந்தால் அதிகம். கடைசி பஸ் போய்விடுமே என்று எழுந்துவிடுவாள்.

ஒவ்வொரு வேளையும் வந்த அளவை போனில் குறித்து வைத்தாள். நாற்பது என்று இருந்தது முப்பதானது, இருபதானது. நான் பூண்டுக் குழம்பு வைத்தேன், சுறாப்புட்டு செய்தேன். அவளும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். மாமியார் போனில், "உங்கம்மா வீட்லயே யாருக்கும் பால் கிடையாதே" என்றார். கம்பெனிச் சிநேகிதிகள், உறவுக்காரர்கள், எதிர்வீட்டார், எல்லோரும் அன்போடுதான் சொன்னார்கள்: கவலைப்படாதே, பால் வத்திடும். ஒரு ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து, "எல்லாரும் சொல்றாங்கம்மா. எப்படிக் கவலைப்படாம இருக்கறதுன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றாள்.

மறுநாள் நான் டாக்டரைப் பார்த்து, எங்கேயாவது அவளுக்கு ஒரு படுக்கை கிடைக்குமா என்று கேட்டேன். கங்காரு வார்டில் இடம் வந்ததும் தருகிறேன் என்றார், சொன்னபடி தந்தார். பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஒரு இரும்புக் கட்டில், சாய்ந்து படுக்க மடக்கி உயர்த்தலாம், பக்கத்தில் கை கழுவ ஒரு குழாய். சிபாப் எடுத்திருந்த பிள்ளையோடு அவள் அங்கே படுத்தாள். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பீய்ச்ச வேண்டுமென்றால் பிள்ளை மார்மேலேயே இருந்தது, ஃப்ரிட்ஜும் பஸ்ஸும் நடுவில் இல்லை. ஒரு வாரத்துக்குள் போனில் இருந்த கணக்கு மறுபடி ஏறத் தொடங்கியது. அவள் அதே பெண்தான். மாமியாரும் அவரேதான். கடனும் குறையவில்லை. மாறியது ஒரு கட்டில்.

பிள்ளைக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுகிற மூன்றும் கூடிவர ஏறக்குறைய 34 வாரம் ஆகிறது. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே டியூபைக் குறைத்துப் பாலாடைக்கு வந்தார்கள். வார்டு மேஜைமேல், கொதிக்க வைத்த தட்டில், எவர்சில்வர் பாலாடைகள் வரிசையாக இருந்தன. ஆயா சின்ன அத்தைக்குப் பால் விட்ட அதே மூக்குள்ள சாமான். இன்று டெல்லி எய்ம்ஸ் வரைக்கும் சிசு வார்டுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். மூக்கைக் கடைவாயில் வைத்து, நாக்கு அசைகிற வேகத்துக்குத்தான் சாய்க்க வேண்டும், அவசரப்பட்டால் புரையேறிவிடும். அவள் கை நடுங்காமல் கொடுத்தாள்.

அந்தக் கட்டிலைப் பற்றி நான் சொல்வது ஒரு வீட்டுக் கதையோடு நிற்பதில்லை. டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும், கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாட்டு ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து உலக சுகாதார நிறுவனத்துக்காக ஒரு பெரிய சோதனை நடத்தின. 1 கிலோவிலிருந்து 1.799 கிலோ வரை எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு பாதிக்கு, நிலை தேறும்வரை காத்திருக்காமல் பிறந்ததுமே தாயின் மார். அதற்காகத் தாயின் கட்டிலையே ஐ.சி.யூ.வுக்குள் போட்டார்கள். மறுபாதிக்கு வழக்கம்போல, தேறின பிறகு. 28 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 12 சதவீதம், மற்றதில் 15.7. நாலில் ஒரு சாவு குறைந்தது. முடிவு அவ்வளவு தெளிவாக இருந்ததால், எல்லாக் குழந்தைக்கும் இதைத் தர வேண்டும் என்று சோதனையையே முன்னதாக நிறுத்திவிட்டார்கள். 2021-இல் வெளியானது. 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், பிறந்த உடனே தோலோடு தோல் என்று பரிந்துரையை மாற்றியது. 2020-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன, உலகத்தில் இங்கேதான் அதிகம். அத்தனை தாய்க்கும் கட்டில் எங்கே போடுவது என்று கேட்பார்கள். குழந்தையைச் சூடாக வைக்கிற வார்மருக்கு இடம் கண்டுபிடித்த நமக்கு இதற்கும் இடம் கிடைக்கும். இனிக் கட்டுகிற வார்டின் வரைபடத்திலாவது தாயின் கட்டிலைப் போட்டுவிட்டுத்தான் சுவர் எழுப்ப வேண்டும்.

பிள்ளை வீட்டுக்கு வந்தபோது எங்கள் தெருவே மாடிப்படியில் நின்றது. ஆனால் அப்போதே அவளுடைய லீவில் ஒன்றரை மாதம் போயிருந்தது. சம்பளத்தோடு 26 வாரம் என்பது 2017-இல் வந்த திருத்தம், புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26தான். நல்ல சட்டம், போராடி வாங்கினது. அதில் குறைமாதப் பிரசவத்தால் தாய்க்கு உடம்பு முடியாமல் போனால் இன்னும் ஒரு மாதம் உண்டு. பிள்ளை ஐ.சி.யூ.வில் கிடந்த நாட்களுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. 31 வாரத்தில் பிறந்தவனின் தாய் 26 வாரம் முடிந்து வேலைக்குத் திரும்புகிற நாளில், மாதம் நிறைந்து பிறந்திருந்தால் அவனுக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம். அவள் லைனுக்குத் திரும்பினாள். பதினைந்து மாதம்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை சட்டத்தில் உண்டு. பேருந்து நிலையங்களில் 2015-லேயே பாலூட்டும் அறை வந்துவிட்டது. ஆனால் ஷிப்டு நடுவில் மார் கட்டினால் அவள் போய்ப் பீய்ச்ச இருந்த இடம், நான் 1993-இல் நின்ற மாதிரியான ஒரு நடைதான். பீய்ச்சினதைக் கீழே கொட்டினாள். அவள் வேலை பார்த்த இடத்தின் பெயரைச் சொல்ல நான் வரவில்லை, மற்ற இடங்களும் இப்படித்தான் என்று அவளோடு பஸ்ஸில் போகிற பெண்கள் சொல்கிறார்கள்.

பிரிட்டனில் 2023-இல் ஒரு சட்டம் போட்டு, 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பிறந்த குழந்தை தொடர்ந்து ஏழு நாளோ அதற்கு மேலோ சிறப்புப் பராமரிப்பில் இருந்தால், தாய்க்கும் தகப்பனுக்கும் வழக்கமான லீவுக்கு மேல், 12 வாரம்வரை கூடுதல் லீவு. அதே 2025 மே 1 கிராம சபைக்கு நான் ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு போனேன். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிற நாட்களைப் பிரசவ லீவில் கழிக்கக் கூடாது. சிசு ஐ.சி.யூ. உள்ள எல்லா ஆஸ்பத்திரியிலும் பிள்ளை இருக்கும்வரை தாய்க்குக் கட்டில் வேண்டும். கம்பெனி பஸ்ஸில், லீவில் இருக்கிற தாயையும் ஆஸ்பத்திரிவரை ஏற்றிக்கொள்ள வேண்டும். மாடி வீட்டுப் பெண் ஷிப்டு முடித்து வந்து, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் கையெழுத்துப் போட்டாள். ஊராட்சிச் செயலர் நிதானமாகப் படித்துவிட்டு, "இது எந்தத் துறைக்குப் போகணும்மா?" என்று கேட்டார். தொழிலாளர் நலத்துறைக்கு ஒன்று, மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒன்று என்று இரண்டு நகல் கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் கொடுத்தேன்.